நிரந்தர முகவரி

— அசையாதே. ஊசி உள்ள போச்சுன்னா அப்புறம் அக்காவைக் குத்தம் சொல்லக் கூடாது.

— சீக்கிரம் தைச்சு முடி, அக்கா. உள்ள குழு முன்னாடி பேசிட்டு இருக்கறவர் வெளிய வந்ததும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க.

— காலர் பட்டன் இல்லாம அப்படியே உள்ள போயிடலாம்னு வந்தியா? ஸ்டீயரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சு, கழுத்துக்குக் கீழ சட்டைன்னு ஒண்ணு இருக்கறதே உனக்கு மறந்து போச்சு.

— பட்டனப் பாத்தா சட்டம் போடறாங்க?

— அதத்தான் முதல்ல பாப்பாங்க. கேளு, ஊருக்கே தைக்கிறவ சொல்றேன். மனுஷன் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே அவன் காலர் பேசிடும். பஸ் டிரைவர் வந்திருக்கான்னு நினைக்கட்டும், படுக்கையிலேந்து எழுந்து வந்திருக்கான்னு நினைக்க வேணாம்.

— நூலைப் பல்லால கடிக்கிறியே, கத்திரி எங்க?

— வாசல்ல காவலுக்கு நிக்கிறவர் வாங்கி வெச்சுக்கிட்டாரு. தையக்காரிகிட்ட கத்திரியப் பிடுங்கறது டிரைவர்கிட்ட பிரேக்கப் பிடுங்கற மாதிரின்னு சொன்னேன். சிரிச்சாரு, ஆனா கொடுக்கல. தோள்ல குத்தியிருந்த ஊசி மட்டும் அவர் கண்ணுல படல.

— சரி, நீ தைச்சுக்கிட்டே கேளு. நான் ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன். "மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களே, மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே…"

— இதத்தான் தினமும் கேக்கறேனே. குளிக்கிற சத்தத்துக்கு நடுவுல கூட மதிப்பிற்குரியதான் கேக்குது.

— பஸ்லயும் சொல்லிப் பாத்தேன். சிக்னல்ல நிக்கும்போதெல்லாம். முன் சீட்டுல வழக்கமா வர்ற ஒரு பெரியவர் இறங்கும்போது சொல்லிட்டுப் போறாரு, "தம்பி, மூணாவது பத்தி கொஞ்சம் இழுவையா இருக்கு"ன்னு.

— மூணாவது பத்தில என்ன வெச்சிருந்தே?

— நீ சொல்லுவியே, பழைய வீடு, அந்தக் கதைதான்.

— ஓ. அது இழுவையா.

— கோவிச்சுக்காத. எடுத்துட்டேன். சட்டம் போடறவங்ககிட்ட போனா மேட்டர் மூணுதான்கா. நாங்க யாரு, எங்களுக்கு என்ன வேணும், அத நீங்க எப்படிச் செய்ய முடியும். கண்ணீருக்கெல்லாம் அந்த ரூட்டுல ஸ்டாப் கிடையாது. சரி, நீ சொல்லு பாப்போம், நமக்கு என்ன வேணும்?

— எனக்குப் பரீட்சையா? ரயில் பாதைக்குப் பின்னாடி நாம இருக்கற மூணு கட்டிடத்தையும் இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறாங்க. கட்டட்டும். கூரை ஒழுகுது, படிக்கட்டு ஆடுது, வேணாம்னு யாரு சொன்னா? ஆனா வெளிய போனவங்க அதே இடத்துக்குத் திரும்பி வரலாம்னு சட்டத்துலயே எழுதணும். வாயால சொன்னாப் போதாது.

— அவ்வளவுதான் மேட்டர். நீயே சொல்லிட்டே.

— வாயால சொன்னத நம்பித்தானே அம்மா ஏமாந்தாங்க.

— இந்தத் தடவை ஏமாந்தா எங்க கொண்டு விடுவாங்களோ. ஊருக்கு வெளிய, பஸ்ஸே போகாத இடம்னு பேச்சு. பஸ் ஓட்டற நானே வேலைக்கு வர பஸ் இல்லாம நிக்கணும்.

— நிமிந்து நில்லு, மூஞ்சியத் தொங்கப் போடாத. இந்த ஒரு வரிக்காக எத்தனை வாசப்படி ஏறி இறங்கினே.

— அத ஏன் கேக்கற. குழுத் தலைவியா உள்ள இருக்காங்களே, அந்த சட்டசபை உறுப்பினரம்மா ஆபீசுக்குப் போனா, "பணம் மத்திய அரசோடது, எம்.பி.யப் பாருங்க"ம்பாங்க. எம்.பி.கிட்ட போனா, "நிலம் மாநிலத்தோடது, சட்டசபையில கேளுங்க"ம்பாரு.

— சின்னதுல நீ ஐஸ் கேட்டா அப்பா அம்மாவக் கைகாட்டுவாரு, அம்மா அப்பாவக் கைகாட்டுவாங்க. கடைசில தண்டம் அழுதது நான்.

— அதனாலதான் எம்.பி. சொன்ன பதில அந்தம்மாவுக்கும், அந்தம்மா சொன்ன பதில எம்.பி.க்கும் அனுப்பி வெச்சேன்.

— சம்பந்தி சண்டை மூட்டி விட்டுட்டே.

— நல்லாவே மூண்டுச்சு. அப்புறம் நம்ம ஜனங்களை ரெண்டு ஆபீசுக்கும் போன் போட வெச்சேன். எல்லாரும் ஒரே பாட்டப் பாடாதீங்க, அவங்கவங்க வீட்டுக் கதைய அவங்கவங்க வாயால சொல்லுங்கன்னேன். மாடி வீட்டுத் தாத்தா தன் குளியலறைச் சுவரோட ஈரத்தப் பத்தி மட்டுமே பேசியிருக்காரு. அந்த ஆபீஸ் பொண்ணு கடைசில, "ஐயா, போதும், நானே வந்து பாக்கறேன்"னுச்சாம். வந்துச்சு. சுவர்ல கைய வெச்சுது. கை நனைஞ்சுது. அடுத்த வாரமே எம்.பி.யும் அந்தம்மாவும் ஒரே மேசையில உக்காந்து கேக்கறோம்னு தகவல் வந்துடுச்சு.

— ஈரக் கை செய்யற வேலைய ஈர நாக்கு செய்யாது. ஆச்சு, கடைசி முடிச்சு. திரும்பு. இப்பதான் ஆளு மாதிரி இருக்கே.

— நீ என்ன, வந்ததுலேந்து அந்த ஜன்னலையே பாத்துட்டு இருக்கே?

— மரம்.

— வாதாம் மரம். அதுக்கென்ன?

— பட்டைக்குள்ள கம்பி போயிருக்கு பாரு. கட்டினவங்க அவுக்காம விட்டுட்டா மரம் அப்படித்தான் மெல்ல மெல்ல முழுங்கிடும்.

— யாராவது அறிவிப்புப் பலகை கட்டியிருப்பாங்க. அக்கா, ஒண்ணு கவனிச்சியா? இந்தக் கட்டிடம் என் ரூட்டுலயே இருக்கு. ஆனா நீ ஒரு நாளும் இந்த ஸ்டாப்புல இறங்கினதில்ல. பக்கத்துலயே நூல் கடை. அதுக்கு வந்தாக்கூட முன்னாடி ஸ்டாப்புல இறங்கி, சுத்திக்கிட்டு நடந்து போவே.

— நடந்தா உடம்புக்கு நல்லது.

— முட்டி வலிக்குதுன்னு வீடு முழுக்க முனகறவங்க சொல்றாங்க, கேட்டுக்கணும்.

— உனக்கு இப்ப என்ன வேணும்?

— அந்தப் பழைய வீட்டப் பத்திச் சொல்லு. உள்ள போறவரைக்கும்.

— இழுவையா இருக்குமே.

— அது மேடைக்கு. எனக்கில்ல.

— என்னத்தச் சொல்ல. அச்சகத்துல வேலை பாத்தவங்களுக்குக் கட்டின வீடு. ரெண்டு வரிசை, நடுவுல முற்றம். அப்பா வேலை முடிஞ்சு வந்தா கதவத் தட்ட மாட்டாரு. ஜன்னல் கண்ணாடியில விரல வெப்பாரு. கழுவினாலும் போகாத மை, அப்படியே பதிஞ்சிடும். அம்மா திட்டிக்கிட்டே துடைப்பாங்க. அவர் ஆஸ்பத்திரில கிடந்தப்போ மட்டும் அந்தக் கறையைத் துடைக்காம விட்டு வெச்சிருந்தாங்க.

— அம்மா எங்கிட்ட இதச் சொன்னதே இல்ல.

— அவங்க சொல்லிட்டா அழுதுடுவாங்க, அதான். அச்சுல கெட்டுப்போன தாளையெல்லாம் அப்பா வீட்டுக்கு எடுத்துட்டு வருவாரு. ஈரம் தெரியாம இருக்க சுவர் முழுக்க ஒட்டியிருந்தோம். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சதே அந்தச் சுவர்லதான். ஒரு ராஜகுமாரி கதை. கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தாள்ங்கற வரைக்கும் தெரியும். மீதி அலமாரிக்குப் பின்னாடி போயிடுச்சு.

— உள்ள என்ன இருந்துச்சாம்?

— இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒட்டாம மீந்த தாளுலதான் பொம்மைக்குச் சட்டை வெட்டப் பழகினேன். அப்படித்தான் இந்தத் தொழில் வந்துச்சு.

— அப்ப நான் அங்க என்ன பண்ணிட்டிருப்பேன்?

— கத்துவே. வேற என்ன? நீ கத்தினா மாடி வீட்டு அத்தை மேலேருந்து கயித்துல கூடைய இறக்குவாங்க. உள்ள ஒரு ரொட்டித் துண்டு இருக்கும், இல்ல ஒரு பழைய மரப்பாச்சி பொம்மை. கூடை வர்றதப் பாத்ததும் வாய மூடிடுவே. அந்தத் தெருவுல உன் பேரே "கூடை"தான்.

— இத மட்டும் நம்ம குடியிருப்போர் சங்கத்துல யார்கிட்டயும் சொல்லிடாத.

— சொல்லியாச்சு.

— அது எங்கக்கா இருந்துச்சு? எத்தனை தடவை கேட்டிருக்கேன். பாலத்துக்கு அந்தாண்டன்னு கைய ஒரு வீசு வீசிட்டுப் போயிடுவே. நானும் லீவு நாள்ல போய்த் தேடினேன். அச்சகத் தெரு எதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல.

— தெருவே இல்லாம போனப்புறம் தெருப் பேரு யாருக்குத் தெரியும். விடு.

— இரு, ஸ்பீக்கர்ல ஏதோ சொல்றாங்க… போச்சு.

— என்னடா?

— பேச வந்தவங்க ரொம்ப அதிகமாம். ஆளுக்கு மூணு நிமிஷம்னது இனிமே ஒரு நிமிஷமாம்.

— ஒரு நிமிஷத்துல பட்டனே தைக்க முடியாது.

— மதிப்பிற்குரிய, மாண்புமிகுன்னு முடிக்கறதுக்குள்ள சிவப்பு விளக்கு எரிஞ்சிடும். எரிஞ்சா மைக்க அணைச்சிடுவாங்க. நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்கா. எத விடறது, எத வெக்கறது?

— பதறாத. கேளு. அந்த நிமிஷம் எங்கேந்து ஆரம்பிக்குது?

— என்னது?

— உக்காந்ததுமா, வாயத் திறந்ததுமா? பச்சை விளக்கு எப்ப எரியும்?

— பதிவுக்காகப் பேரும் நிரந்தர முகவரியும் கேப்பாங்க. அதச் சொல்லி முடிச்சதும்தான் பச்சை. முன்னாடி போனவங்களைக் கதவு வழியா பாத்துட்டேதான் இருந்தேன். ஏன்?

— முகவரிக்கு நேரம் கணக்கில்ல.

— இல்ல. முகவரி என்ன, ஒரு வரிதானே.

— அப்ப நான் பேசறேன்.

— நீயா? விளையாடாதக்கா.

— விண்ணப்பத்துல நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்குல்ல? யாரு வேணா பேசலாம்தானே?

— பேசலாம். ஆனா மூணு கட்டிடத்து ஜனம் நம்பி அனுப்பியிருக்கு. துணி தைக்கக் கொடுக்க வந்தவங்ககிட்ட பேசற மாதிரி நீ பாட்டுக்குப் பேசினா, மேட்டர் பள்ளத்துல கவுந்துடும்.

— துணி குறைஞ்சு போச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க மாட்டோம். உள்பக்கம் மடிச்சுத் தைச்சிருக்கற துணியப் பிரிச்சு விடுவோம். அது வெளிய யாருக்கும் தெரியாது, ஆனா உடுப்பு நீளமாயிடும்.

— எனக்கு ஒண்ணும் புரியல.

— புரிய வேணாம். அந்தக் காகிதத்த மடிச்சுப் பையில வை. பக்கத்துல உக்காரு. நான் சொல்றவரைக்கும் வாயத் திறக்காத. கதவத் திறக்கறாங்க, வா.

— அடுத்து, ரயில் பாதைக் குடியிருப்போர் சங்கம். வாங்கம்மா, வாங்க சார், மைக் முன்னாடி உக்காருங்க. குழுத் தலைவிங்கற முறையில உங்களை வரவேற்கிறேன். என் பக்கத்துல நம்ம எம்.பி. இருக்கார். பேசப் போறது யாரு, நீங்களாம்மா? பதிவுக்காக உங்க பெயரையும் நிரந்தர முகவரியையும் சொல்லுங்க. அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் உங்களோடது.

— வணக்கம்மா. வணக்கம் ஐயா. எல்லாரும் என்னை ஊசியக்கான்னு கூப்பிடுவாங்க.

— உங்க பெயர் விண்ணப்பத்துலயே இருக்கு, அதை எழுதிக்கறோம். முகவரி?

— அச்சகத் தெரு, கீழ் வரிசை, கடைசி வீடு.

— இங்க ரயில் பாதைக் குடியிருப்பு, இரண்டாம் கட்டிடம்னு இருக்கே?

— அது தற்காலிக முகவரிம்மா. எங்களை அங்க கொண்டு விட்ட அதிகாரி அப்படித்தான் சொன்னாரு. முற்றத்துல ஒரு பெஞ்சு மேல ஏறி நின்னு, "ஒரு மழைக்காலம் போகட்டும், புதுக் கட்டிடம் எழும்பினதும் உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம்"னாரு. கை தட்டினோம். அப்ப இவன் என் இடுப்புல இருந்தான். இப்ப இவன் தலையில பாதி நரை. இன்னும் யாரும் கூப்பிடல. அதனால நீங்க கேக்கற நிரந்தர முகவரி அச்சகத் தெருதான்.

— அப்படி ஒரு தெரு எங்க பதிவேட்டுல இல்லையேம்மா.

— அதுக்குத்தான் வழி சொல்றேன். எங்க தெருவுல கதவு எண் கிடையாது. கடித உறை மேலயே வழிய எழுதினாத்தான் கடிதம் வந்து சேரும்.

— சரி, சுருக்கமா சொல்லுங்க.

— மணிக்கூண்டுலேந்து நேரா வந்தா மை வாசனை அடிக்கும். வாசனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பணும். முதல் வீட்டு வாசல்ல ஒரு கிழவர் சத்தமா பேப்பர் படிப்பாரு. நேத்துச் செய்தி. இன்னிக்குச் செய்தியத்தான் நாங்க முந்தின நாளே அச்சடிச்சுட்டோமே, எங்களுக்கு அது எதுக்குன்னுவாரு. அவரத் தாண்டினா முற்றம். அங்க குனிஞ்சுதான் வரணும், ஈரத் துணி முகத்துல அடிக்கும். யார் வீட்டுத் துணி அடிச்சுதுன்னு வாசனைய வெச்சே சொல்லிடுவோம்.

— அம்மா, இது முகவரியா?

— முகவரிதான்மா. வழி சொல்லாம வீடு எப்படி வரும்?

— தலைவர் அவர்களே, எம்.பி.ங்கற முறையில ஒரு வார்த்தை. பச்சை விளக்கு இன்னும் எரியல. விதிப்படி முகவரிய முடிக்க விடணும். பாருங்கம்மா, நீங்க தொடருங்க, எனக்கும் வழி தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

— எம்.பி.யே சொல்றார். தொடருங்கம்மா.

— நன்றி ஐயா. முற்றத்தத் தாண்டினா கடைசி வீடு. ஜன்னல் கண்ணாடியில எங்கப்பாவோட மை விரல் இருக்கும், அதுதான் அடையாளம். சாமான் ஏத்தின அன்னிக்குக் காலைல எங்கம்மா வீட்டப் பெருக்கினாங்க. ஜன்னல்ல இருந்த தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தினாங்க. அப்புறம்தான் பூட்டினாங்க. திரும்பி வரப் போறவங்கதானே தண்ணி ஊத்துவாங்க? உத்தரத்துல இவனுக்குத் தொட்டில் கட்டின கொக்கி. அப்பா கழட்டப் போனாரு. "எதுக்கு, திரும்பி வந்து மறுபடி மாட்டறது ரெட்டை வேலை"ன்னு அம்மா தடுத்துட்டாங்க. சாகற வரைக்கும் அவங்க எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அந்தப் பக்கம் போனா, செடி இருக்கான்னு பாத்துட்டு வாயேன்."

— …முடிஞ்சுதாம்மா?

— முடிஞ்சுதும்மா. இப்ப விளக்கப் போடச் சொல்லுங்க.

— பச்சை போடுங்க. ஒரு நிமிஷம், ஆரம்பிக்கலாம்.

— ஒரு நிமிஷம் வேணாம்மா, ஒரு வரி போதும். வெளியேத்தப்பட்டவங்களுக்கு அதே நிலத்துல எழும்பற வீட்டுல முதல் உரிமைன்னு மாநிலச் சட்டத்துல நீங்க எழுதுங்கம்மா. அந்த வரி இல்லாத திட்டத்துக்கு மத்தியப் பணம் கிடையாதுன்னு நீங்க எழுதுங்க ஐயா. எழுதிட்டு எங்க கட்டிடத்துல முதல் கல்லைப் பெயர்த்து எடுங்க. மூட்டைய நாங்களே கட்டிக்கறோம். அவ்வளவுதான். மீதி நேரத்த அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுங்க.

— பாருங்கம்மா, நியாயமான கோரிக்கை. ஆனா எம்.பி. நான் என்ன பண்ண முடியும், நிலம் மாநிலத்தோட விஷயமாச்சே…

— அம்மா உங்க பக்கத்துலயேதான் இருக்காங்க ஐயா. நீங்களே கேட்டுடுங்க.

— ம்… சரி. தலைவி அந்த வரியச் சட்டத்துல சேர்த்தா, பணத்துக்கான நிபந்தனையிலயும் சேர்க்கச் சொல்லி நான் எழுதறேன். பதிவு பண்ணிக்குங்க.

— அவசரப்பட வேணாம். தலைவியா நான் இப்பவே வாக்குக் கொடுக்க முடியாது, குழு கூடித்தான் முடிவெடுக்கணும். சட்டம்னு எழுதினா பழைய ஆட்களும் கேப்பாங்க. இடிச்ச இடத்துல இதுக்குள்ள என்னென்னவோ எழும்பியிருக்கும், அங்கெல்லாம் யாரு உக்காந்திருக்காங்களோ. அம்மா, பதிவு எழுதறவர் கேக்கறார். அந்த அச்சகத் தெரு இப்ப எந்த இடம்? அது தெரியாம முகவரி முழுமையாகாது.

— அக்கா, சொல்லு. பாலத்துக்கு அந்தாண்டதானே?

— அந்தாண்ட இல்லடா. நீ தினமும் பஸ் ஓட்டிட்டுப் போற வழி. சொன்னா, அந்த இடம் வரும்போதெல்லாம் உன் கால் தன்னால பிரேக்குக்குப் போயிடும். பஸ் நிறைய ஜனம் இருக்குமேன்னுதான் சொல்லல.

— அம்மா, எங்களைப் பாத்துச் சொல்லுங்க.

— சொல்றேன்மா. வாசல்ல ஒரு வாதாம் மரம். துணி காயப்போட எங்கப்பா அதுல ஒரு கம்பி கட்டினாரு. கிளம்பின அன்னிக்கு அதையும் அவுக்கல. மரம் அத முழுங்கிடுச்சு. உங்க ஜன்னல் வழியா பாத்தாலே தெரியும்.

— எங்க ஜன்னல் வழியாவா?

— ஆமாம்மா. எழுந்திரிக்காதீங்க, பரவால்ல, உக்காருங்க. நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் இவன் தொட்டில் தொங்கிச்சு.